சரிந்து கிடக்கும் நடைபாதைகள்

கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சக்ரமென்ரோவில், ஆற்றங்கரையை அண்டிப் 'பழைய சக்ரமென்ரோ' என அழைக்கப்படும் ஒரு சிறு நகர்ப்பகுதி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் செங்கற் கட்டடங்களும், பலகை பாவிய நடைபாதைகளும், குதிரை வண்டிகளுமாக அது சுற்றுலாப் பயணிகளுக்கெனப் பேணப்பட்டு வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் ஒருவருடன் அங்கு சென்றிருந்தபோது என் கவனத்தை ஈர்த்தவை கட்டடங்கள் அல்ல, காலடியில் இருந்த நடைபாதைகளே. ஒரு கடையின் வாசலில் இருந்து வீதியோரத்திற்கு அவை சரிந்து கிடந்தன. அடுத்த கடையின் முன்னால் சரிவு குறைந்தது. அதற்கு அடுத்ததில் மீண்டும் கூடியது. ஒரு காலை மேட்டிலும் மறு காலைப் பள்ளத்திலும் வைத்து நடப்பது போன்ற உணர்வு. ஐம்பதைக் கடந்தவர்களின் முழங்கால்கள் இத்தகைய விடயங்களை உடனே அறிந்துகொள்ளும்.

மழைநீர் வடிந்தோடுவதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணினேன். ஆனால் நீர் வடிவதற்கு இவ்வளவு சரிவு தேவையில்லை. நடைபாதையின் குறுக்குச் சரிவு நாற்பத்தெட்டுக்கு ஒன்று என்ற அளவை மீறக்கூடாது என்பதே இன்றைய அமெரிக்க விதி. சக்கர நாற்காலியில் செல்பவர் வீதிப் பக்கமாக இழுபடாமல் இருப்பதற்கு அதுவே எல்லை. மழைநீர் வடிவதற்கும் அது போதுமானது. பழைய சக்ரமென்ரோவின் நடைபாதைகள் பல இடங்களில் இந்த அளவை வெகுவாகக் கடந்து நிற்கின்றன. அவை எவரும் திட்டமிட்டு அமைத்த சரிவுகள் அல்ல. வெள்ளத்தில் இருந்து தப்புவதற்காக ஒரு நகரம் தன்னைத்தானே தூக்கி நிறுத்திய கதை அந்தப் பலகைகளின் கீழே கிடக்கின்றது.

அந்தக் கதையை நகரம் பிறந்த இடத்தில் இருந்து தொடங்குவதே முறை.

சக்ரமென்ரோ ஆறும் அமெரிக்கன் ஆறும் சங்கமிக்கும் தாழ்நிலத்தில் நிசனான் என்ற பூர்வீகக் குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். அவர்களுடைய குடியிருப்புகள் பல மேடுகளின் மீதே இருந்தன. ஆறு எப்போது நிலத்தைக் கேட்டு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1833இல் அப்பள்ளத்தாக்கிற் பரவிய கொள்ளைநோய் அம்மக்களிற் பெரும் பகுதியினரை அழித்துவிட்டது. அது மலேரியா என்பது ஆய்வாளர்களின் முடிவு. வெளியில் இருந்து வந்த வேட்டைக்காரர்களுடன் வந்த நோய் அது. மனிதர்களோடு சேர்ந்து வெள்ளத்தைப் பற்றிய அவர்களது நினைவும் பெருமளவு அழிந்துபோயிற்று எனலாம்.

1839இல் அங்கு வந்த சுவிற்சர்லாந்துக்காரரான ஜோன் சட்டர் தனது கோட்டையை ஆற்றங்கரையிற் கட்டவில்லை. கரையில் இருந்து ஏறத்தாழ இரண்டு மைல் உள்ளே, சற்று உயர்ந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நகரம் அமைவதானால் அது தெற்கே மேட்டு நிலத்தில் அமைய வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது. ஆனால் 1848 ஜனவரி 24ஆம் திகதி மலையடிவாரத்தில் உள்ள கொலோமாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டதும் எல்லாம் தலைகீழாக மாறியது. பொன் தேடுவோர் கப்பல்களில் வந்து இறங்கியது ஆற்றுத்துறையில். வியாபாரமும் அங்கேதான். வணிகரான சாம் பிரனன், சட்டரின் மகனை இணங்கவைத்து, 1848இன் இறுதியில் ஆற்றுத்துறையை ஒட்டியே நகருக்கு நிலம் அளக்கச் செய்தார். தந்தை தெரிவு செய்த மேட்டு நிலத்தை விட்டு, வணிகர்கள் தெரிவு செய்த பள்ளத்தில் நகரம் எழுந்தது. இறக்கும் துறைக்கும் விற்கும் கடைக்கும் இடையே தூரம் இருக்கக்கூடாது என்ற வியாபாரக் கணக்கு வென்றது. ஆற்றின் கணக்கு பின்னர்தான் தெரியவந்தது.

1850 ஜனவரியில் முதலாவது பெருவெள்ளம் வந்தது. மண் அணை கட்டி நகரைக் காக்க வேண்டும் என்று அதற்கு முன்னரே வலியுறுத்திவந்த ஹார்டின் பிகலோ, அவ்வாண்டு ஏப்பிரலில் நகரபிதாவாகத் தெரிவானார். அணைகள் எழுந்தன. பிகலோவோ அவ்வாண்டைக் கடந்து வாழவில்லை. ஓகஸ்டில் காணி உரிமை தொடர்பாக மூண்ட கலவரத்திற் சுடப்பட்டுப் படுகாயமடைந்த அவர், நவம்பரில் வாந்திபேதிக்குப் பலியானார். 1852இல் அணைகளை மீறி மீண்டும் வெள்ளம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நகரின் பெரும் பகுதியைத் தீ விழுங்கியது. அந்தத் தீயின் பின்னர்தான் மக்கள் மரத்தை விட்டுச் செங்கல்லாற் கட்டத் தொடங்கினர். 1853 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம். அதன் பின்னர் சில வீதிகளை ஓரிரு அடிகள் உயர்த்தினார்கள், அணைகளையும் பலப்படுத்தினார்கள். 1854இல் சக்ரமென்ரோ மாநிலத்தின் தலைநகராயிற்று. இனிப் பயமில்லை என்று நகரம் எண்ணியது.

1861 டிசெம்பர் 9ஆம் திகதி அமெரிக்கன் ஆறு நகரின் கிழக்குப் பக்க அணையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. இங்கேதான் கவனிக்கவேண்டிய ஒரு விடயம் உண்டு. ஆற்று நீரைத் தடுக்கக் கட்டிய தெற்குப் பக்க அணை, உள்ளே வந்த நீர் வெளியேறுவதையும் தடுத்துவிட்டது. நகரம் ஒரு கிண்ணம் போலாயிற்று. கடைசியில் தங்களைக் காக்கக் கட்டிய அணையைத் தாங்களே வெட்டித் திறந்துவிடவேண்டிய நிலை நகரத்தாருக்கு ஏற்பட்டது. வெட்டிய வாயை நோக்கிப் பாய்ந்த நீர் வீடுகளையும் இழுத்துச் சென்றது.

மழை ஓயவில்லை. மறு மாதமும் தொடர்ந்தது. 1862 ஜனவரி 10ஆம் திகதி புதிய ஆளுநர் லீலண்ட் ஸ்ரான்போர்ட் பதவியேற்பதற்கு வள்ளத்தில் ஏறித்தான் சட்டமன்றக் கட்டடத்திற்குப் போனார். திரும்பி வந்தபோது தமது வீட்டின் மேல்மாடி ஜன்னல் வழியாகவே உள்ளே நுழைய முடிந்தது என்பது அந்நகரத்தவர் இன்றும் சொல்லும் கதை. கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கு முழுவதும் நூற்றுக்கணக்கான மைல் நீளமான ஓர் உள்நாட்டுக் கடலாக மாறியிருந்தது. சட்டமன்றம் சில நாட்களில் மூட்டை முடிச்சுகளுடன் சான் பிரான்சிஸ்கோவிற்குப் புறப்பட்டுவிட்டது. மாநில அரசின் திறைசேரி வறண்டு, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் இயலாத நிலை உண்டானது.

நகரத்தை அச்சுறுத்திய கேள்வி வெள்ளம் மட்டுமல்ல. போன சட்டமன்றம் திரும்பி வருமா என்பதே பெரிய கேள்வி. தலைநகர் என்ற தகுதி போனால் வணிகம் போகும்; வணிகம் போனால் நகரம் போகும். இடம்பெயர்ந்து மேட்டு நிலத்திற்குப் போகலாமே என்ற யோசனைக்குக் காலம் கடந்துவிட்டது. செங்கல்லிலும் காணியிலும் முதல் போட்டவர்கள் அசைய விரும்பவில்லை. நகரை மேட்டுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் மேட்டை நகருக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

1860களின் நடுப்பகுதியில் தொடங்கிய அந்த வேலை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்கன் ஆற்றின் கழிமுகத்தை வெட்டித் திருப்பி, அது நகரில் இருந்து சற்று விலகிச் சங்கமிக்குமாறு 1868 அளவில் செய்து முடித்தார்கள். நகருக்குள்ளே வணிக வீதிகளின் இருமருங்கும், கட்டடங்களுக்கு முன்னால், செங்கற் சுவர்கள் எழுப்பப்பட்டன. இரு சுவர்களுக்கும் இடையில் வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். வீதி உயர்ந்தது, இடத்திற்கு ஏற்பப் பத்து அடி வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் உயர்ந்தது. ஆனால் கட்டடம் பழைய மட்டத்திலேயே நின்றது. நேற்று வரை கடை வாசலாக இருந்தது இன்று ஒரு கிணற்றின் அடி போலாயிற்று.

இனிமேல்தான் நடைபாதைச் சரிவின் இரகசியம் வெளிப்படுகின்றது. வீதியின் மட்டத்தை நிர்ணயித்தது மாநகரசபை. கட்டடத்தை உயர்த்துவதோ அதன் சொந்தக்காரரின் பொறுப்பு, அவரது செலவு. வீதியோரச் சுவரும், சுவருக்கும் கட்டடத்திற்கும் இடையிலான நடைபாதையும் காணிக்காரரின் தலையிலேயே விழுந்தன. பணம் உள்ளவர் தமது கட்டடத்தின் அடியில் திருகு ஜக்குகளை வரிசையாக வைத்து, அடையாளம் காட்டியதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகத் திருகச் செய்து, கட்டடத்தை அப்படியே மேலே தூக்கிக் கீழே புதிய சுவர் கட்டினார். இன்று கார் ஓட்டுபவர் சில்லு மாற்றும்போது செய்யும் அதே வேலைதான். ஆனால் தூக்கப்பட்டது ஒரு மாடிக் கட்டடம். பணம் குறைந்தவர் கட்டடத்தைத் தூக்காமல் கீழ்த்தளத்தை நிலவறையாக விட்டுவிட்டு, மேல்மாடியின் ஜன்னலை வாசலாக மாற்றிக்கொண்டார். வேறு சிலர் பழைய கட்டடத்தின் மேல் புதிய தளம் ஒன்றைக் கட்டினர்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைக் கைக்கொண்டதால் ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு உயரத்தில் நின்றது. மேல்மாடியின் தளம் வீதி மட்டத்திற்குச் சரியாக வரவேண்டும் என்று எந்தக் கட்டடத்தையும் எவரும் முன்கூட்டிக் கட்டியிருக்கவில்லை அல்லவா? ஒருவரது வாசல் வீதியை விட ஓரடி மேலே நின்றது. மற்றவருடையது சற்றுக் கீழே. இந்த வேறுபாட்டை எங்காவது தீர்க்கவேண்டும். வீதியை ஒருவருக்காக மாற்ற முடியாது. கட்டடத்தை இன்னொரு முறை தூக்க முடியாது. ஆகவே இரண்டுக்கும் இடையில் நின்ற நடைபாதை அந்த வேறுபாடு முழுவதையும் தன்மேல் ஏற்றுக்கொண்டது. அரசின் மட்டமும் தனிமனிதனின் மட்டமும் பொருந்தாத இடமே சரிவாயிற்று. அவரவர் வசதியின் அளவை அந்தச் சரிவில் வாசித்தறியலாம் என்று சொன்னாலும் மிகையாகாது.

அந்த நடைபாதைகளின் கீழே மண் இல்லை என்பது இன்னொரு வியப்பு. வீதிச் சுவருக்கும் கட்டடச் சுவருக்கும் இடைப்பட்ட பகுதி நிரப்பப்படாமல் வெறுங்கூடாகவே விடப்பட்டு, மேலே மட்டும் பாதை போடப்பட்டது. 2010 முதல் அந்த நிலவறைகளுக்குள் வழிகாட்டிகளுடன் சென்று பார்க்க வசதி செய்யப்பட்டது. தலைக்கு மேலே செல்வோரின் காலடியோசையைக் கேட்டபடி, 1850களின் நிலத்தில் நின்று, ஒருகாலத்தில் வீதியைப் பார்த்த வாசலையும் ஜன்னலையும் பார்ப்பது ஒரு விசித்திரமான அனுபவம்.

வள்ளத்திற் சென்று பதவியேற்ற ஸ்ரான்போர்ட் என்ன செய்தார்? அவரும் அவரது நண்பர்களும் அதே நகரின் கடைக்காரர்கள். அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த புகையிரதப் பாதையின் மேற்குப் பகுதியை 1863 ஜனவரியில் சக்ரமென்ரோவில் ஆரம்பித்தவர்களும் அவர்களே. அந்தப் பாதையைச் சீனத் தொழிலாளர்கள் மலையைக் குடைந்து போட்டு முடித்த பின்னர், 1871-72இல் ஸ்ரான்போர்ட் தமது மாளிகையைப் பன்னிரண்டு அடி தூக்கி நிறுத்தி மேலும் பெரிதாக்கினார். அதே நகரில் வாழ்ந்த சீனர்களின் குடியிருப்போ, நீர் தேங்கி நின்ற ஒரு கழியின் ஓரத்திலேயே தொடர்ந்து இருந்தது. தூக்குவதற்குச் சொந்தக் கட்டடமும் காசும் இல்லாதவனுக்கு நகரம் உயர்ந்தால் என்ன, தாழ்ந்தால் என்ன?

சக்ரமென்ரோ ஒரு தனித்த உதாரணம் அல்ல. சிக்காகோ அதற்கு முன்னரே இதைச் செய்திருந்தது. 1854இல் வாந்திபேதியால் ஏறத்தாழ 1,400 பேரை இழந்த அந்நகரம், எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியியலாளரின் திட்டப்படி, கழிவுநீர்க் குழாய்களை வீதியின் மேலேயே வைத்து, அவற்றை மண்ணால் மூடி, வீதிகளை உயர்த்தியது. 1858இல் அங்கு முதலாவது செங்கற் கட்டடம் தூக்கப்பட்டது. 1860இல் ஒரு வீதியின் கடைத்தொகுதி முழுவதும், அறுநூறு பேர் ஆறாயிரம் ஜக்குகளைத் திருக, உள்ளே வியாபாரம் நடந்துகொண்டிருக்கையிலேயே உயர்ந்தது. உயர்ந்த கட்டடமும் உயராத கட்டடமும் அடுத்தடுத்து நின்றதால் சிக்காகோவின் நடைபாதையிற் செல்பவர் பல ஆண்டுகள் படி ஏறி இறங்கியே நடக்கவேண்டி இருந்தது.

சியாட்டில் நகரம் 1889 ஜூன் 6ஆம் திகதித் தீயின் பின்னர் வீதிகளை உயர்த்தியபோது நடைபாதைகள் கீழேயே தங்கிவிட்டன. வீதியைக் கடக்க ஏணி வைத்து ஏறி, மறுபுறம் ஏணி வைத்து இறங்கினார்கள். ரெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரன் தீவில் 1900 செப்டெம்பர் 8ஆம் திகதி புயல் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அங்கே கடல்மதில் எழுப்பி, 1903 முதல் 1911 வரை ஆழத்தில் இருந்து மணலை நீரோடு இறைத்து நகரையே உயர்த்தினர். இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட கட்டடங்கள் தூக்கப்பட்டன. நிரப்பும் செலவு பொதுப்பணத்தில். வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருக்கு. சிக்காகோவில் இருந்து கல்வெஸ்ரன் வரை இந்தப் பிரிவினை மட்டும் மாறவேயில்லை.

நகரம் உயர்ந்தது சரி. ஆறு சும்மா இருந்ததா? அதுவும் உயர்ந்தது. 1853 முதல் கலிபோர்னிய மலைச்சரிவுகளிற் பொன் எடுப்போர், நீரை மிகுந்த அழுத்தத்துடன் குழாய்களாற் பாய்ச்சி மலைகளையே கரைத்தனர். கரைந்த மண்ணும் கல்லும் ஆறுகளிற் சேர்ந்து அவற்றின் படுகைகளை மேலே தூக்கின. படுகை உயர, அதே அளவு மழைக்கு வெள்ளம் கூடியது. அணைகளையும் மேலும் மேலும் உயர்த்தவேண்டி வந்தது. வீதியை மனிதன் உயர்த்த, ஆற்றை மனிதனின் பேராசை உயர்த்த, இரண்டும் போட்டி போட்டு வளர்ந்த காலம் அது. விவசாயிகள் தொடுத்த வழக்கில் 1884 ஜனவரி 7ஆம் திகதி நீதிபதி லொரன்சோ சோயர் அளித்த தீர்ப்பு அந்தச் சுரங்க முறைக்குத் தடை விதித்தது. நகரைப் பெற்ற பொன்னே நகரை மூழ்கடிக்கும் மண்ணையும் அனுப்பிவைத்தது என்பதை நீதிமன்றம் சொல்ல முப்பது ஆண்டுகள் ஆயின.

கடைசியாக அந்நகரம் கற்றுக்கொண்ட பாடம் ஆற்றுக்கு இடம் விடுவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளம் பெருகும்போது நீரைத் திருப்பிவிடுவதற்கென நகரின் மேற்கே பரந்த வயல்வெளி ஒன்றை ஒதுக்கினார்கள். 1916இல் அதற்கான கதவணையும் கட்டப்பட்டது. கோடையில் பயிர் செய்யும் அந்த நிலம் பெருமழைக் காலத்தில் ஆறாகின்றது. 1956இல் நிறைவுற்ற பொல்சம் அணைக்கட்டும் சேர்ந்துகொண்டது. அப்படியிருந்தும் 1986 பெப்ரவரியில் வெள்ளம் நகரை மயிரிழையிற் தவறவிட்டது. அமெரிக்காவில் வெள்ள அபாயம் மிகக் கூடிய பெருநகரங்களுள் ஒன்றாக அது இன்றும் கருதப்படுகின்றது.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் ஊரின் ஒழுங்கை நினைவிற்கு வருகின்றது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் படலையில் இருந்து இரண்டு படி இறங்கித்தான் வீதியிற் கால் வைப்போம். பின்னர் ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேல் புதிய தார் போட்டார்கள். ஒரு படி மறைந்தது. அடுத்த படியும் மறைந்தது. இன்று வீதியில் இருந்து வளவுக்குள் இறங்கவேண்டி இருக்கின்றது. மாரி மழைக்கு வீதி வெள்ளம் முற்றத்திற்கு வருகின்றது. வசதி உள்ளவர்கள் வளவுக்கு மண் அடித்து, புதிய வீட்டை உயர்த்திக் கட்டுகிறார்கள். அவர்களது வளவு வெள்ளம் பக்கத்து வளவுக்குப் போகின்றது. பக்கத்து வீட்டுக் கிழவி வாசலில் மண்மூட்டை அடுக்குகிறார்.

சக்ரமென்ரோவில் குறைந்தபட்சம் அது ஒரு தீர்மானமாக நடந்தது. எந்த வீதி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மக்கள் வாதிட்டார்கள், திட்டினார்கள், கடன்பட்டார்கள், ஆனால் தெரிந்தே செய்தார்கள். எங்களிடத்தில் எவரும் எதையும் தீர்மானிக்கவில்லை. அங்குலம் அங்குலமாக அது நடந்துகொண்டே இருக்கின்றது. வீதி போடுபவருக்கு வீதி மட்டுமே தெரிகின்றது. வீட்டுக்காரருக்கு வீடு மட்டுமே தெரிகின்றது. நீருக்கு மட்டுமே இரண்டும் தெரிகின்றன.

பழைய சக்ரமென்ரோவிற்குப் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் கடைகளைப் பார்க்கும் அதே வேளை, சற்றுக் குனிந்து காலடியையும் பாருங்கள். அங்கே சரிந்து கிடப்பது கைவேலையின் குறைபாடு அல்ல. ஒரு நகரம் எல்லோரையும் சேர்த்து உயர்த்தாமல் வீதியை மட்டும் உயர்த்தியதன் அடையாளம் அது. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் நடப்பவனின் முழங்கால் அதை உணர்கின்றது.